போல் பொசிஷன் யாருக்கு வேண்டும்?

கார்ப் பந்தயம் என்றாலே நம் ஊரில் பலருக்கும் ஃபார்முலா ஒன்றுதான். சனிக்கிழமை தகுதிச் சுற்றில் வேகமாக ஓடிப் போல் பொசிஷனை, அதாவது கிளம்பும் வரிசையில் முதலிடத்தைப் பிடித்தவர் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் பாதியை அப்போதே வென்றுவிட்டார் என்று பேசிக்கொள்வார்கள். மொனாக்கோ போன்ற குறுகலான தெருக்களில் அது உண்மையும்கூட. நான் பித்துப் பிடித்துப் பார்ப்பது நாஸ்கார் என்னும் அமெரிக்கக் கார்ப் பந்தயத் தொடர். கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் 2010இல் அதன் டிரக் தொடரில் ஓட்டப் போனபோது எட்டிப் பார்த்தவன், இன்னும் வெளியே வரவில்லை. "வட்டமாகச் சுற்றுகிறார்கள், இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்களிடம் நான் பந்தயத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. யார் எந்த இடத்திலிருந்து கிளம்புகிறார் என்பது முடிவாகும் கதையைத்தான் சொல்வேன்.

1950 செப்டம்பர் 4, தென் கரோலினாவின் டார்லிங்டன். சதர்ன் 500 என்ற 500 மைல் பந்தயம் முதல்முறையாக நடக்கிறது. வரிசைக்கு மூன்றாக 25 வரிசைகள், மொத்தம் 75 கார்கள். போல் பொசிஷனில் கர்டிஸ் டர்னர். 43ஆம் இடத்தில் ஒரு சாதாரண பிளைமவுத் காருடன் ஜானி மான்ட்ஸ். வேகக் கார்களெல்லாம் டயர் கிழிந்து மீண்டும் மீண்டும் ஓரம் கட்டிக்கொண்டிருக்க, லாரிக்கான கெட்டி டயர்களைப் போட்டுக்கொண்டு வந்திருந்த மான்ட்ஸ் அலட்டிக்கொள்ளாமல் சுற்றிக்கொண்டே இருந்தார். இரண்டாவதாக வந்தவரைவிட ஒன்பது சுற்றுகள் முன்னால் முடித்தார். தகுதிச் சுற்றில் எடுத்த வேகம் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதை அந்தத் தொடர் தன் தொடக்க காலத்திலேயே பார்த்துவிட்டது.

அதனால்தானோ என்னவோ, 1959இல் நாஸ்காரின் பெரிய பந்தயமான டேடோனா 500 ஃபுளோரிடாவில் தொடங்கியபோதே கடிகாரத்தை மட்டும் நம்பாமல் தகுதிப் பந்தயங்களையும் வைத்தார்கள். கடிகாரத்தோடு ஓடுவதல்ல, நிஜமான பந்தயம். முதலில் 100 மைல், 1969இலிருந்து 125, 2005இலிருந்து 150 மைல். 1971 வரை இவற்றில் வென்றாலே அது முழு வெற்றியாகப் பதிவேட்டில் ஏறியது. இன்றைய முறையில், தனித்தனியாக ஓடி எடுக்கும் நேரம் முதல் வரிசையின் இரண்டு இடங்களை மட்டுமே தீர்மானிக்கிறது. மீதி இடங்களுக்காக எல்லோரையும் இரண்டாகப் பிரித்து, வியாழக்கிழமை இரவு இரண்டு பந்தயங்களில் மோதவிடுகிறார்கள். ஒன்றின் முடிவு உள்பக்க வரிசை, இன்னொன்றின் முடிவு வெளிப்பக்க வரிசை. என்னைக் கேட்டால், மோட்டார் பந்தய உலகில் இதைவிட நேர்மையான ஏற்பாடு கிடையாது. டேடோனாவில் முன்னால் போகும் காரின் முதுகில் ஒட்டிக்கொண்டு, அது கிழித்துவிட்ட காற்றில் போகத் தெரிந்தவன்தான் பிழைப்பான். அந்த வித்தையைத் தனியாக ஓடவிட்டு எப்படி அளப்பது?

போல் பொசிஷனுக்கு அங்கே என்ன மரியாதை என்று பாருங்கள். அதிலிருந்து கிளம்பி டேடோனா 500 வென்றவர் 2000இல் டேல் ஜாரெட். அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒருவருக்கும் வாய்க்கவில்லை. 2009இல் மாட் கென்செத் வென்றது 39ஆம் இடத்திலிருந்து. 2013இல் டானிகா பேட்ரிக், அந்தப் போல் பொசிஷனைப் பிடித்த முதல் பெண் என்று பேரெடுத்தார், பந்தயத்தில் எட்டாவதாக வந்தார். எஞ்சினுக்குக் கடிவாளம் இல்லாத காலத்தில் கதை வேறு. 1987இல் பில் எலியட் மணிக்கு 210.364 மைல் வேகத்தில் போல் எடுத்து, 500ஐயும் வென்றார். அதே ஆண்டு அலபாமாவின் டல்லடேகா தடத்தில் நடந்த தகுதிச் சுற்றில் 212.809 மைல். அதை இன்றுவரை எவரும் தொடவில்லை, தொடவும் விடமாட்டார்கள். அந்த டல்லடேகா பந்தயத்திலேயே பாபி ஆலிசனின் கார் பறந்துபோய் வேலியைப் பிய்த்தது. அடுத்த ஆண்டிலிருந்து எஞ்சினுக்குப் போகும் காற்றைத் தகடு வைத்து அடைத்துவிட்டார்கள். அதன்பிறகு டேடோனா தகுதிச் சுற்றில் ஓட்டுநருக்கு வேலை, காலை அழுத்தி வைத்திருப்பதுதான். மீதி எல்லாம் பட்டறையில் எஞ்சின் கட்டியவரின் கைவண்ணம்.

தகுதிப் பந்தயத்தில் வென்றால் மட்டும் போதுமா என்று கேட்கலாம். போதாதுதான். டேல் எர்ன்ஹார்ட் 1990 முதல் 1999 வரை ஆண்டு தவறாமல், பத்து முறை தொடர்ந்து தன் தகுதிப் பந்தயத்தை வென்றார். அந்தப் பத்தாண்டில் அவர் 500ஐ வென்றது ஒரே ஒரு முறை, 1998இல். வியாழக்கிழமை ராஜாவாக இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை படுத்திய பாடு அது. எனக்கு அந்த மனிதரைப் பிடிக்கப் பாதிக் காரணம் இதுதான்.

கடிகாரத்தையும் கூட்டத்தையும் சேர்த்துக் குழப்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2019 மார்ச், கலிபோர்னியாவின் ஃபோன்டானா. தகுதிச் சுற்றின் கடைசிக் கட்டத்தில் 12 கார்கள் ஒன்றாகத் தடத்தில் இறங்கி, குறித்த நேரத்துக்குள் தங்கள் வேகத்தைக் காட்ட வேண்டும். முதலில் போகிறவன் மற்றவர்களுக்குக் காற்றைக் கிழித்துக் கொடுக்க வேண்டும். அதனால் யாரும் நகரவில்லை. படைக்குப் பிந்து என்ற பழமொழியை அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கடைப்பிடித்தார்கள். கடைசி நொடிகளில் அடித்துப் பிடித்துக் கிளம்பியவர்களில் ஒருவர்கூட நேரத்துக்குள் கோட்டைத் தாண்டவில்லை. முந்தைய கட்டத்தில் வேகமாக ஓடியிருந்த ஆஸ்டின் டில்லனுக்குப் போல் பொசிஷன் போனது. டிக்கெட் வாங்கி வந்தவர்கள் கூச்சலிட்டதில் தப்பே இல்லை. சில வாரங்களில் அந்த முறையையே தூக்கிப்போட்டார்கள்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. 2016இல் வந்த சாசன முறையை மட்டும் என்னால் அப்படி விட முடியவில்லை. 40 இடங்களில் 36, சாசனம் வைத்திருக்கும் அணிகளுக்கு நிரந்தரம். மோசமாக ஓட்டினாலும் ஞாயிற்றுக்கிழமை இடம் உண்டு. விளம்பரதாரருக்கு உத்தரவாதம் வேண்டும், அணி நடத்துகிறவருக்கு விற்கத்தக்க சொத்து வேண்டும் என்பது எனக்கும் புரிகிறது. அதற்காக, உட்கார இடமிருப்பவனும் இடமில்லாதவனும் ஒரே பந்தியில் முண்டியடிப்பதைப் பந்தயம் என்று எப்படிச் சொல்வது? இருப்பவன் காரைக் காப்பாற்றிக்கொள்ளப் பின்வாங்குவான். இல்லாதவன் உயிரைக் கொடுப்பான்.

2025 டேடோனா 500இல் இன்னும் ஒரு படி. புகழ்பெற்ற ஓட்டுநர் தகுதி பெறாவிட்டாலும் இடம் தரும் புதிய விலக்கு விதி, வேறொரு தொடரின் பெரிய பந்தயமான இந்தியானாபொலிஸ் 500ஐ நான்கு முறை வென்ற எலியோ காஸ்ட்ரோநெவெஸுக்குக் கைகொடுத்தது. அவர் தகுதிப் பந்தயத்தில் மோதி நின்றார், ஆனாலும் 41ஆவது காராக உள்ளே வந்தார். சாசனம் இல்லாத மற்ற எட்டுப் பேரில் நால்வர் ஓடி இடம் பிடித்தார்கள், நால்வர் காரை லாரியில் ஏற்றிக்கொண்டு வீடு திரும்பினார்கள். காஸ்ட்ரோநெவெஸ் மீது எனக்குக் கோபம் இல்லை, கொடுத்ததை வாங்கிக்கொண்டார். கொடுத்தவர்கள் மீதுதான்.

எவ்வளவு திட்டினாலும் அடுத்த பிப்ரவரியிலும் வெள்ளிக்கிழமை அதிகாலை ஐந்தரைக்கு அலாரம் வைப்பேன். அங்கே அது வியாழன் இரவு. கேமரா முன்னால் போகிறவர்களையே காட்டிக்கொண்டிருக்கும். நான் திரையின் ஓரத்தில் ஓடும் பட்டியலில், சாசனம் இல்லாத கார்களின் எண்களைத் தேடிக்கொண்டிருப்பேன்.