சாது என்றவர்களும் அவர்கள்தான், குண்டர் என்றவர்களும் அவர்கள்தான்

மலேசியாவில் வாடகைக்கு வீடு தேடிய இந்தியர்களுக்கு இது பழகிப்போன கேள்வி. வாடகை, முன்பணம், கார் நிறுத்துமிடம் எல்லாம் பேசி முடித்து, வீட்டை எப்போது வந்து பார்க்கலாம் என்று நாம் கேட்கும் நேரத்தில் முகவர் சற்றுத் தயங்கி, "நீங்கள் என்ன இனம்?" என்பார். பதில் சொன்ன சிறிது நேரத்தில், வீட்டை வேறொருவர் எடுத்துவிட்டார் என்ற செய்தி வரும். சில உரிமையாளர்கள் விளம்பரத்திலேயே 'சீனர்களுக்கு மட்டும்' என்று போட்டுவிடுகிறார்கள்.

போன மாதம் என் அக்காள் மகன் பூச்சோங்கில் வீடு தேடினான். மருந்தாளர் வேலை, சம்பளச் சீட்டு கையில், முன்பணம் தயார். முகவர் எதையும் மறைக்காமல் காரணத்தைச் சொன்னார். முன்பு குடியிருந்த தமிழர் ஒருவர் இரண்டு மாத மின்கட்டணத்தைக் கட்டாமல் போய்விட்டாராம். அவருக்கும் முன்னால் இருந்த சீனக் குடும்பம் கதவையும் தண்ணீர்க் குழாயையும் உடைத்துவிட்டுப் போனதையும் அதே முகவர்தான் சொன்னார். அந்தக் குடும்பத்தின் தவறு அந்தக் குடும்பத்தோடு முடிந்துவிட்டது. தமிழர் வைத்துவிட்டுப் போன பாக்கி மட்டும், அவரைக் கண்ணால்கூடப் பார்த்திராத என் அக்காள் மகன் தலையில் விழுந்தது.

இதற்கெல்லாம் அறியாமைதான் காரணம், கலந்து பழகினால் சரியாகிவிடும் என்று நல்லெண்ணம் கொண்ட பலர் சொல்கிறார்கள். என்னால் ஏற்க முடியவில்லை. ஒரே பள்ளியில் படித்திருக்கிறோம், ஒரே மாமாக் கடையில், அதாவது இந்திய முஸ்லிம் உணவகத்தில், நள்ளிரவுவரை பந்தாட்டம் பார்த்திருக்கிறோம், பெருநாளுக்கும் தீபாவளிக்கும் சீனப் புத்தாண்டுக்கும் ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட்டிருக்கிறோம். இதற்கு மேல் என்ன பழக வேண்டும்? ஓர் இனத்தைப் பற்றிய முத்திரை நீடித்து நிற்கிறது என்றால், அதனால் யாருக்கோ காரியம் ஆகிக்கொண்டிருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். இந்த நாட்டுத் தமிழர் மீது குத்தப்பட்ட முத்திரைகளின் வரலாறே இதற்குச் சான்று.

ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த காலத்தில் வெள்ளைக்கார துரைகள் தமிழனைப் பற்றிச் சொன்னது 'சாது, அடங்கிப் போகிறவன், சொன்னதைச் செய்வான்' என்பது. மலாய்க்காரன் சோம்பேறி, சீனன் பணத்தாசை பிடித்தவன், தமிழன் அடக்கமானவன்: மூன்று முத்திரைகளையும் குத்தியது ஒரே கை. பெருந்தோட்டத்தில் கூலிக்கு வர மறுத்து, தன் நிலத்தில் தன் பயிரைப் பார்த்துக்கொண்டிருந்த மலாய் விவசாயிக்குச் சோம்பேறிப் பட்டம் எப்படிக் கிடைத்தது, அதனால் காலனிய முதலாளிகளுக்கு என்ன பயன் என்பதைச் சமூகவியல் அறிஞர் சையது ஹுசைன் அலாத்தாஸ் 1977இலேயே விரிவாக எழுதிவிட்டார். தமிழனின் 'சாது' பட்டத்துக்கும் அதே கணக்குதான். அடங்கிப் போகிறவனுக்குக் கூலி குறைவாகக் கொடுக்கலாம். சீனத் தொழிலாளிக்குக் கொடுத்த கூலியைத் தமிழனுக்குக் கொடுக்கவில்லை. அவனுக்குத் தேவைகள் குறைவு என்று காரணமும் வைத்திருந்தார்கள்.

தமிழன் மீது விழுந்த இரண்டாவது முத்திரை குடிகாரன் என்பது. இன்றும் எங்கள் மீது ஒட்டிக்கொண்டிருப்பது இதுதான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தோட்டத்துக் கள்ளுக்கடை தமிழன் ரகசியமாக வைத்துக்கொண்ட கடை அல்ல. நிர்வாகத்தின் சம்மதத்தோடும் அரசாங்கத்தின் அனுமதியோடும், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பக்கத்திலேயே நடந்த கடை. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்று, வெயில் ஏறும்வரை பால்மரம் வெட்டி (ரப்பர் பாலுக்காகப் பட்டையைக் கீறி), வாளி சுமந்து பால் கொட்டிவிட்டுத் திரும்புகிறவனுக்கு நடந்து போகிற தூரத்தில் நூலகமும் இல்லை, இரவுப் பள்ளியும் இல்லை. கள்ளுக்கடை இருந்தது. அவன் கையில் வாங்கிய கூலியின் ஒரு பகுதி அங்கேயே திரும்பிப் போனது.

அந்தக் கடையை மூடச் சொன்னது யார் தெரியுமா? அந்தத் தொழிலாளர்களேதான். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைப் பட்டியலைப் படித்தால் நெஞ்சு விம்முகிறது. சீனத் தொழிலாளிக்கு இணையான கூலி கேட்டார்கள். பெண்கள் மீது துரைகளும் மேல்நிலை ஊழியர்களும் கை வைப்பதை நிறுத்தச் சொன்னார்கள். துரையோ, தோட்டக் கணக்கரான கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கச் சொன்னார்கள். தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். சாதுவும் குடிகாரனுமான ஒருவன் கேட்கிற கோரிக்கைகளா இவை? அவர்களை வழிநடத்திய ஆர்.எச். நாதன் தமிழ் நேசன் பத்திரிகையில் துணையாசிரியராக இருந்தவர். அவரைக் கைதுசெய்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். வேலைநிறுத்தம் மேலும் பரவியது. மே மாதத்தில் சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்து, ராணுவத்தை இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்து விழுந்தார்கள். போர் முடிந்து 1947இல் கெடாவில் தோட்ட இளைஞர்கள் தொண்டர் படை என்று திரண்டு கள்ளுக்கடைகளுக்கு எதிராகக் கிளம்பினார்கள். அங்கும் போலீஸ் வந்தது, அங்கும் உயிர் போனது.

கடையைத் திறந்தவர்கள் பெயர் எந்த முத்திரையிலும் இல்லை. மூடச் சொல்லி அடிபட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் குடிகாரர்கள் என்று ஏசப்படுகிறார்கள். எங்கள் சமூகத்தில் குடி ஒரு பெரும் துன்பம் என்பதை நான் மறுக்கவில்லை. அதனால் அழிந்த குடும்பங்களை நான் அறிவேன். ஆனால் அது இரத்தத்தில் ஓடுவது என்று சொல்பவர்களை மன்னிக்க முடியவில்லை.

பிறகு நிலத்துக்கு விலை ஏறியது. தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகவும் கோல்ஃப் திடல்களாகவும் மாறின. இன்றைய நிர்வாகத் தலைநகரமான புத்ராஜெயாவே பிராங் புசார் முதலிய தோட்டங்கள் இருந்த மண்ணில்தான் நிற்கிறது. அங்கிருந்து கிளப்பப்பட்ட குடும்பங்களை டெங்கில் பக்கம் அடுக்குமாடிகளில் வைத்தார்கள். தோட்டம் போனபோது வேலை மட்டும் போகவில்லை. வீடு, தமிழ்ப்பள்ளி, கோயில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை, காய்கறிப் பாத்தி என ஒரு வாழ்க்கையே போனது. பால்மரம் வெட்டுவதைத் தவிர வேறு தொழில் கற்றுத்தரப்படாத பெற்றோரின் பிள்ளைகள் மலிவுவிலை அடுக்ககங்களின் படிக்கட்டுகளில் வளர்ந்தார்கள். அவர்களில் சிலரைக் கும்பல்கள் இழுத்துக்கொண்டன. உடனே மூன்றாவது முத்திரை தயாராகிவிட்டது: இந்தியன் என்றால் குண்டர்.

நூறு ஆண்டுகளுக்குள் சாதுவான இனம் வன்முறை இனமாகிவிட்டதாம். இனத்தின் இயல்பு இப்படி மாறுமா? கூலிக்கு ஆள் தேவைப்பட்டபோது சாது என்ற பேச்சு உதவியது. கிளப்பிவிட்ட மக்களுக்கு என்ன ஆனது என்ற கேள்வியிலிருந்து தப்பிக்கக் குண்டர் என்ற பேச்சு உதவுகிறது. இந்தப் பேச்சு வீட்டு வாடகையோடு நிற்பதும் இல்லை. 2009 ஜனவரியில் கார் திருட்டுச் சந்தேகத்தில் பிடிக்கப்பட்ட குகன் என்ற இளைஞர் சுபாங் ஜெயா காவல் நிலையத்தில் இறந்தார். நுரையீரலில் நீர் கோத்ததே காரணம் என்றது முதல் பிரேதப் பரிசோதனை. குடும்பம் விடாமல் போராடிச் செய்யவைத்த இரண்டாவது பரிசோதனை, அடித்த காயங்களைக் காட்டியது. அப்போது நான் கேட்ட பேச்சுகள் இன்னும் காதில் இருக்கின்றன. 'சும்மா பிடிப்பார்களா, ஏதாவது செய்திருப்பான்' என்று சொன்னவர்களில் தமிழரும் இருந்தார்கள்.

அங்கேதான் எனக்கு வலிக்கிறது. முத்திரை குத்தப்பட்டவர்கள் அதை எதிர்கொள்ளும் விதங்களில் மிகப் பரவலானது, 'நான் அந்த மாதிரி இந்தியன் இல்லை' என்று காட்டிக்கொள்வது. லிஃப்டில் தமிழில் பேசாதே என்று பிள்ளையை அடக்கும் தாயைப் பார்த்திருக்கிறேன். வாட்ஸ்அப் படத்தை நீக்கிவிட்டு, சீன நண்பனைக் கொண்டு முகவருக்குப் போன் போட வைக்கிறார்கள். ஒண்ட ஒரு வீடு வேண்டுமே, அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் படித்து, கார் வாங்கி, காவலாளி நிற்கும் குடியிருப்புக்குப் போய்விட்ட பிறகும், 'நம் ஆட்களே இப்படித்தான், அதனால்தான் மதிக்க மாட்டேன் என்கிறார்கள்' என்று கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்து பேசுகிறவர்களை நான் கடுமையாகவே குறை சொல்வேன். அவர்கள் தரும் விதிவிலக்குச் சான்றிதழ், முத்திரை உண்மைதான் என்று மற்ற இனத்தாருக்கு உறுதிசெய்து கொடுக்கிறது.

கோபப்பட்டுப் பேசினாலும் வழி எளிதல்ல. 2019இல் சிங்கப்பூரில் ஒரு மின்னணுப் பணப் பரிவர்த்தனை விளம்பரத்தில் சீன நடிகர் ஒருவருக்குத் தோலைக் கறுப்பாக்கி இந்தியர் வேடமும் போட்டார்கள். இந்திய வம்சாவளி உடன்பிறப்புகள் இருவர் கெட்ட வார்த்தைகளோடு ஒரு பாட்டுக் காணொளி வெளியிட்டுச் சாடினார்கள். விளம்பரம் குற்றமல்ல என்றானது. அந்த இருவருக்கும் போலீஸ் நிபந்தனை எச்சரிக்கை கொடுத்தது. அந்தக் கெட்ட வார்த்தைகள் எனக்கும் பிடிக்கவில்லை. இருந்தாலும், காயப்பட்டவனின் தொனியைத் திருத்துவதில் காட்டும் அக்கறையில் பாதியையாவது காயப்படுத்தியவனிடம் காட்டக் கூடாதா?

நம் கை மட்டும் சுத்தமா என்றால் அதுவும் இல்லை. கிள்ளானில் இரண்டு அடுக்கக வீடுகள் வைத்திருக்கும் எங்கள் உறவினர் ஒருவர், ஆப்பிரிக்க மாணவர்களுக்கும் வங்காளதேசத் தொழிலாளர்களுக்கும் வீடு தரவே மாட்டார். கூட்டம் சேர்ப்பார்கள், சமையல் வாடை வரும், வாடகையைக் கட்டாமல் ஓடிவிடுவார்கள் என்கிறார். நமக்கு வீடு மறுப்பவர்கள் சொல்லும் அதே காரணங்கள், வரிசைகூட மாறவில்லை.

எல்லாரும் மனம் திருந்தும்வரை காத்திருக்க முடியாது, சட்டம் வேண்டும். கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆவது பிரிவு தரும் சமத்துவ உரிமை அரசின் செயல்களைத்தான் கட்டுப்படுத்துகிறது. தனியார் வீட்டு உரிமையாளரை அது தொடுவதில்லை. இனப் பாகுபாட்டுக்கு எதிரான ஐநா உடன்படிக்கையில் சேரப்போவதாக 2018இல் சொன்ன அரசு, எதிர்ப்பு கிளம்பியதும் நவம்பரிலேயே பின்வாங்கியது. குடியிருப்பு வாடகைக்குத் தனிச் சட்டம் கொண்டுவருவது பற்றியும் ஆண்டுக்கணக்கில் பேசிவருகிறார்கள். அந்தச் சட்டம் வரும்போது, வாடகை விளம்பரத்தில் இனத்தைக் குறிப்பிடக் கூடாது, இனத்தைக் காரணம் காட்டி வீடு மறுக்கக் கூடாது என்ற விதி அதில் இருக்க வேண்டும். ஓட்டுக் கேட்டு வரும் இந்திய வேட்பாளர்களிடம் இதைக் கேளுங்கள். கோயிலுக்குக் கொடுத்த மானியத்தைப் பற்றி அவர்கள் பேச ஆரம்பித்தாலும் விடாமல் கேளுங்கள்.

வீடு வைத்திருக்கும் தமிழர்கள் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சம்பளச் சீட்டைக் கேளுங்கள், முன்பணத்தைக் கேளுங்கள், முன்பு குடியிருந்த வீட்டுக்காரரின் தொலைபேசி எண்ணைக் கேட்டு விசாரியுங்கள். வாடகை ஒழுங்காக வருமா என்று தெரிந்துகொள்ள இவை போதும். கிள்ளான் உறவினரிடம் இதைச் சொன்னபோது கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அடுத்த முறை பார்க்கும்போதும் சொல்வேன்.