இழவு வீட்டு வாசலில் விசாரணை நடத்துகிறவர்களுக்கு

காசாவில் இறந்த ஒரு குழந்தையின் படத்தை யாராவது பகிர்ந்தால் போதும், கீழே ஒருவர் முந்திக்கொண்டு வந்து நிற்கிறார்: "அக்டோபர் 7 அன்று எங்கே போயிருந்தீர்கள்?" அதே நாளில் இஸ்ரேலில் நோவா இசை விழாவில் கொல்லப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றி எழுதினால் வேறொருவர் வருகிறார்: "எழுபத்தைந்து வருடமாகப் பாலஸ்தீனர்கள் செத்தபோது எங்கே போயிருந்தீர்கள்?" படத்தில் இருக்கும் முகம் இரண்டு பேர் கண்ணிலும் படுவதே இல்லை. அழுகிறவன் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்வதில்தான் அவர்களுக்கு அவசரம். தமிழ் முகநூலில் இதையே திரும்பத் திரும்பப் பார்த்து மனம் கசந்துபோய்த்தான் இதை எழுதுகிறேன்.

நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போய்விட வேண்டும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வீடாக இருந்தாலும் சாவு என்றால் வாசல் வரைக்குமாவது போய் நின்றுவிட்டு வருவோம். அப்படிப்பட்டவர்கள் கைபேசியைக் கையில் எடுத்ததும் எப்படி இவ்வளவு கல்நெஞ்சக்காரர்களாக மாறிப்போகிறோம்?

என் நிலையைச் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கேட்க வேண்டாம். இரண்டு தரப்பும் சமபலம் கொண்டவை அல்ல. ஒரு பக்கம் விமானப்படை வைத்திருக்கும் இஸ்ரேல் அரசு. மறுபக்கம் பல பத்தாண்டுகளாக ஆக்கிரமிப்பிலும் முற்றுகையிலும் வாழும் பாலஸ்தீன மக்கள். 2023 அக்டோபர் 7 அன்று, அப்போது காசாவை ஆண்ட ஹமாஸ் இயக்கத்தினரும் உடன் சென்றவர்களும் இஸ்ரேலுக்குள் புகுந்து ஏறத்தாழ 1,200 பேரைக் கொன்றார்கள், 251 பேரைப் பிணைக்கைதிகளாகக் கொண்டுபோனார்கள். அது கொடிய குற்றம். அதன் பிறகு காசாவில் கொல்லப்பட்டவர்கள், அங்குள்ள சுகாதார அமைச்சகத்தின் கணக்குப்படி 2025 அக்டோபருக்குள் 67,000 பேரைத் தாண்டிவிட்டார்கள். அதுவும் குற்றம்தான், அளவில் ஒப்பிடவே முடியாத குற்றம். இனப்படுகொலை என்றே 2025 செப்டம்பரில் ஐ.நா. விசாரணை ஆணையம் சொன்னது. இஸ்ரேல் அதை மறுக்கிறது, நான் ஆணையத்தை நம்புகிறேன். இவ்வளவையும் நம்பிக்கொண்டே அன்று தாக்கப்பட்ட நீர் ஓஸ் என்னும் இஸ்ரேலியக் கூட்டுப் பண்ணைக் கிராமத்தில் செத்தவர்களுக்காக என்னால் அழ முடிகிறது. இதில் என்ன முரண் இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

செத்தவர்களுக்கு அத்தாட்சி கேட்ட கதையையும் பார்த்தோம். 2023 அக்டோபர் கடைசியில், காசா சொல்லும் எண்ணிக்கையில் தனக்கு நம்பிக்கை இல்லை என்றார் அன்றைய அமெரிக்க அதிபர் பைடன். மறுநாளே சுகாதார அமைச்சகம் 6,747 பேரின் பட்டியலை வெளியிட்டது. பெயர், வயது, ஆணா பெண்ணா, அடையாள அட்டை எண். குண்டு விழுந்துகொண்டிருக்கும் ஊரில் யாரோ சிலர் உட்கார்ந்து ஒவ்வொரு பிணத்துக்கும் எண் தேடி எழுதியிருக்கிறார்கள், தங்கள் சாவு பொய்யல்ல என்று உலகத்துக்கு நிரூபிப்பதற்காக. அடுத்த ஆண்டு வந்த பட்டியல் அறுநூறு பக்கங்களைத் தாண்டியது. அது வயது வரிசையில் இருந்தது. பக்கம் பக்கமாகப் புரட்டினாலும் வயது என்ற இடத்தில் பூஜ்யம்தான் வந்துகொண்டிருந்தது. முதல் பிறந்தநாளைக் காணாத பிள்ளைகள். இதைப் பார்த்த பிறகும் "ஹமாஸின் கணக்கு" என்று ஒற்றை வரியில் தள்ளிவிட்டுப் போகிறவர்களிடம் எனக்குப் பேச ஒன்றும் இல்லை.

இஸ்ரேலுக்குள்ளேயே ஒருவர் இந்தப் பிள்ளைகளுக்காக வருந்தி எழுதினார். மெயிர் பாருகின், பெதா திக்வா நகரில் வரலாற்று ஆசிரியர். கொல்லப்பட்ட பாலஸ்தீனர்களைப் பற்றி முகநூலில் எழுதினார், படங்கள் போட்டார். வேலை போனது. 2023 நவம்பரில் தேசத்துரோக நோக்கம் என்ற சந்தேகத்தில் கைது செய்து, நான்கு நாட்கள் தனிச் சிறையில் அடைத்தார்கள். பிறகு தொழிலாளர் நீதிமன்றம் அவரை மீண்டும் வேலையில் சேர்க்கச் சொன்னது. பள்ளிக்குத் திரும்பியவரை மாணவர்களே எதிர்ப்புக் கூச்சலிட்டு ஏசினார்கள். அவர் எழுதியதும் முகநூல் பதிவுதான், நாம் எழுதுவதும் முகநூல் பதிவுதான். நாம் இழப்பது அதிகம் போனால் நாலு நண்பர்களை.

மறுபக்கத்தையும் விடப்போவதில்லை. 2025 பிப்ரவரி 20 அன்று காசாவின் கான் யூனிஸில் மேடை போட்டு, இறந்த பிணைக்கைதிகளின் சவப்பெட்டிகளை வரிசையாக வைத்தது ஹமாஸ். அவற்றில் இரண்டு, பீபாஸ் குடும்பத்துப் பிள்ளைகளுடையவை. கடத்தப்பட்டபோது பெரியவனுக்கு நான்கு வயது, சின்னவனுக்கு ஒன்பது மாதம். பின்னால் பதாகை, முன்னால் கூட்டம். தாயின் பெயரில் ஒப்படைத்த பெட்டியில் வேறு யாரோ ஒரு பெண்ணின் உடல் இருந்தது. ஒன்பது மாதக் குழந்தையின் உடலை மேடையேற்றிக் காட்சி வைப்பதில் என்ன விடுதலை இருக்கிறது? பாலஸ்தீன மக்களின் நியாயத்துக்காகப் பேசுகிற நம்மில் எத்தனை பேர் அன்று இதைக் கண்டித்தோம்? வாய் திறக்காதவர்கள் நிறையப் பேர். கேட்டால், எதிரிக்கு வாய்ப்புக் கொடுத்துவிடக் கூடாதாம். பெற்ற வயிறு எரிகிறபோது வாய்ப்புக் கணக்குப் பார்ப்பது எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

இந்தக் கணக்கு நம்மைப் போலத் தூரத்தில் இருப்பவர்களிடம்தான் அதிகம். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களில் பலர் நம்மைவிட எவ்வளவோ தூரம் நடந்து போய்விட்டார்கள்.

ராமி எல்ஹனான் ஜெருசலேமைச் சேர்ந்தவர். 1997 செப்டம்பர் 4 அன்று பென் யெஹூதா தெருவில் நடந்த தற்கொலைத் தாக்குதலில் அவருடைய மகள் ஸ்மதார் இறந்துபோனாள். பதினான்கு வயது நெருங்கிக்கொண்டிருந்தது. யூத வழக்கப்படி ஏழு நாள் துக்கம் காத்தார்கள், ஊரே வந்துபோனது. வந்தவர்களில் ஒருவர் இட்ஸ்ஹாக் ஃபிராங்கென்தால். 1994இல் ஹமாஸ் கடத்திக் கொன்ற ராணுவ வீரனின் தந்தை. தன்னைப் போலப் பிள்ளைகளை இழந்த இஸ்ரேலியர்களையும் பாலஸ்தீனர்களையும் ஒன்றாக உட்கார வைக்கும் அமைப்பை 1995இல் தொடங்கியவர் அவர். இது பின்னால் தெரியவந்தபோது ராமிக்கு ஆத்திரம் வந்தது. பிள்ளையை அடக்கம் செய்துவிட்டு உட்கார்ந்திருப்பவன் வீட்டுக்கு எந்த நெஞ்சோடு வந்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். ஃபிராங்கென்தால் கோபித்துக்கொள்ளவில்லை, ஒரு கூட்டத்துக்கு அழைத்தார். ராமி போனார், நம்பிக்கையில்லாமல் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தார். பேருந்தில் இருந்து ஒவ்வொருவராக இறங்கினார்கள். நீளமான கருப்பு அங்கி அணிந்த ஒரு பாலஸ்தீனப் பெண் இறங்கினாள். நெஞ்சில் அவளுடைய பிள்ளையின் படம். அந்த வயதுவரை பாலஸ்தீனர்களைக் கூலியாட்களாகவோ பயங்கரவாதிகளாகவோ மட்டுமே பார்த்திருந்ததாகவும், தன்னைப் போலவே ஒரு சுமையைச் சுமக்கிறவர்களாக அன்றுதான் பார்த்ததாகவும் ராமி பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

ராமியின் மிக நெருங்கிய நண்பர் பஸ்ஸாம் அராமின், பாலஸ்தீனர். பதினேழு வயதில் இஸ்ரேலியச் சிறைக்குப் போய் ஏழு வருடம் இருந்தவர். 2007 ஜனவரியில் ஜெருசலேமை ஒட்டிய அனாதா ஊரில் பள்ளிக்கூடம் அருகே மிட்டாய் வாங்கிக்கொண்டு வந்த அவருடைய பத்து வயது மகள் அபீரை இஸ்ரேலிய எல்லைக் காவல் படை சுட்ட ரப்பர் தோட்டா தலையின் பின்புறம் தாக்கியது. இரண்டு நாளில் இறந்தாள். இன்று அந்த இரண்டு தகப்பன்களும் ஒன்றாகவே ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறார்கள். இருவரும் ஆக்கிரமிப்பு ஒழிய வேண்டும் என்கிறவர்கள். ஆகவே, எல்லோருக்காகவும் அழுவது நழுவல் பேச்சு, நடுநிலை நாடகம் என்று நம் ஆட்கள் எழுதும்போது எனக்கு இவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

ரேச்சல் கோல்ட்பெர்க் போலினைப் பாருங்கள். நோவா விழாவில் இருந்து பிணைக்கைதியாகப் பிடித்துச் செல்லப்பட்ட ஹெர்ஷின் தாய். அவனுடைய இடது கை முழங்கைக்குக் கீழே குண்டில் பிய்ந்துபோயிருந்தது. தினமும் காலையில் ஒட்டுத்தாளில் அது எத்தனையாவது நாள் என்று எழுதிச் சட்டையில் ஒட்டிக்கொள்வார் இந்த அம்மா. 2024 ஆகஸ்டில் சிகாகோவில் பெரிய அரசியல் மாநாட்டு மேடையில் கணவனும் மனைவியுமாக ஏறியபோதும் அந்தத் தாள் நெஞ்சில் இருந்தது. அந்த மேடையில் காசாவின் அப்பாவி மக்கள் படும் துன்பத்தையும் சொன்னார்கள், வலியில் போட்டி வைத்தால் வெல்பவர் யாரும் இல்லை என்றார்கள். பத்து நாள் கழித்து காசாவின் ரஃபாவில் ஒரு சுரங்கத்தில் ஹெர்ஷின் உடல் கிடைத்தது. தன் மகன் உயிரோடு வருவானா என்று தெரியாத நிலையிலும் அந்தத் தாயால் இன்னொரு வீட்டுப் பிள்ளையை நினைக்க முடிந்தது. நமக்கு என்ன கேடு?

இரண்டு தரப்பும் சேர்ந்து துக்கம் அனுசரிக்கும் நிகழ்ச்சி 2006 முதல் ஒவ்வொரு ஆண்டும் நடக்கிறது, போர்களிலும் தாக்குதல்களிலும் இறந்தவர்களுக்கான இஸ்ரேலின் நினைவு நாளுக்கு முந்தைய மாலை. இஸ்ரேல் ஆக்கிரமித்துள்ள மேற்குக் கரையில் இருந்து பாலஸ்தீனர்கள் வரக்கூடாது என்று 2018இலும் 2019இலும் அரசு தடுத்தது. இரண்டு முறையும் உச்ச நீதிமன்றம் குறுக்கிட்டு அனுமதித்தது. போர் தொடங்கிய பின் 2024இல் அவர்களால் நேரில் வர முடியவில்லை. 2025 ஏப்ரலில் ரஅனானா நகரில் ஒரு யூத வழிபாட்டுக் கூடத்தில் இந்த நிகழ்ச்சியைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தவர்களை வலதுசாரிக் கும்பல் கல்லெறிந்து தாக்கியது. அழ வந்தவர்களைக் காவல் துறைப் பாதுகாப்போடு வெளியேற்ற வேண்டியிருந்தது. அதே ஆண்டு மார்ச்சில் போர்நிறுத்தத்தை முறித்து இஸ்ரேல் மீண்டும் குண்டு வீசத் தொடங்கிய பிறகு, டெல் அவீவில் சனிக்கிழமை இரவுகளில் சிலர் மெழுகுவர்த்தியும் காசா குழந்தைகளின் படங்களும் ஏந்தி வாய் பேசாமல் நிற்கத் தொடங்கினார்கள். கடந்து போகிறவர்கள் ஏசினார்கள். அவர்கள் நின்றார்கள்.

2025 அக்டோபர் 10 முதல் மறுபடியும் போர்நிறுத்தம் என்றார்கள். அதன் பின்னும் காசாவில் ஜனாஸாக்கள் நிற்கவில்லை. என் முகநூல் பக்கத்தில் இனியும் இரு தரப்புச் சாவுகளைப் பற்றியும் எழுதுவேன், குற்றவாளி யார் என்றும் பெயர் சொல்லி எழுதுவேன். என் அரசியல் தவறென்றால் வாதாட வாருங்கள், எத்தனை நாள் ஆனாலும் பதில் சொல்கிறேன். ஆனால் இறந்த குழந்தையின் படத்துக்குச் சிரிப்புக் குறி போட்டவர்களை, அது எந்தப் பக்கத்துக் குழந்தையாக இருந்தாலும், நேற்றே நட்பில் இருந்து நீக்கிவிட்டேன். அதில் எனக்கு நெடுநாள் பழக்கமானவர்களும் இருக்கிறார்கள். தொலைபேசியில் அழைத்துச் சமாதானம் பேச வேண்டாம்.