அட்ரஸ் ப்ரூஃப் இல்லையென்று நோயாளியைத் திருப்பி அனுப்பக் கூடாது. இன்னொருக்காச் சொல்லவா?

வெள்ளிக்கிழமை இரவு தமிழ்ப் பள்ளிக் குழுவில் சுற்றிய அந்தக் குரல்பதிவைக் கேட்காதவர் இங்கே யாரும் இருக்க மாட்டீர்கள். கரவான் என்ற வண்டிவீட்டில் இருந்து வந்த, ஜிப்சி, ட்ரவலர் என்று சொல்லும் நாடோடிச் சனத்தில் ஒரு பெண்ணை, கையில் குழந்தையோடு நின்றவளை, "அட்ரஸ் ப்ரூஃப் கொண்டு வா" என்று தான் எப்படித் திருப்பி அனுப்பினேன் என்று, சேர்ஜரி (டாக்டரின் கிளினிக்) ரிசப்ஷனில் இருக்கும் அந்தத் தங்கச்சி ரசித்து ரசித்துச் சொன்னதும், அதற்குக் கீழே விழுந்த சிரிப்புப் பொம்மைகளும். அதில் இரண்டு என் சொந்தக்காரருடையவை. குழுவில் நான் ஒன்றும் எழுதவில்லை. இரண்டு நாள் நித்திரை இல்லாமல் கிடந்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் ஜீபியிடம், அதாவது குடும்ப வைத்தியரிடம், பதிய அட்ரஸ் ப்ரூஃப் தேவையில்லை. பாஸ்போர்ட் தேவையில்லை. விசாவும் தேவையில்லை. இவை இல்லை என்பதற்காக ஒருவரை மறுக்கவும் முடியாது. நிலையான முகவரி இல்லாதவரைச் சேர்ஜரியின் முகவரியிலேயே பதியலாம். இது என் இரக்க குணத்தில் முளைத்த கருத்து இல்லை. அரச மருத்துவ சேவையான என்.எச்.எஸ். இங்கிலாந்தின் வழிகாட்டலே இதுதான். பதினொரு வருடமாகச் சேர்ஜரி ரிசப்ஷனில் இருந்து முதுகு நொந்தவள் சொல்கிறேன்.

ஆனால் வழிகாட்டல் கோப்பில் இருக்கும், கவுண்டரில் நாங்கள் இருப்போம். ஃப்ரெண்ட்ஸ், ஃபமிலீஸ் அண்ட் ட்ரவலர்ஸ் என்ற, ட்ரவலர் மக்களுக்காக இயங்கும் அமைப்பு 2021இல் நாடோடி நோயாளிபோல நூறு சேர்ஜரிகளைத் தொடர்புகொண்டு பார்த்தது. 74 இடங்களில் பதிய முடியவில்லை. ஆகவே தங்கச்சி, நீங்கள் பெரிய சாதனை ஒன்றும் செய்துவிடவில்லை. எல்லாரும் செய்வதைத்தான் செய்திருக்கிறீர்கள்.

"ஓரிடத்தில் ஒழுங்காக இருந்தால் என்ன?" என்று ஒரு அண்ணை கேட்டிருந்தார். அண்ணை, 2011 கணக்கெடுப்பில் தங்களை ஜிப்சி, ஐரிஷ் ட்ரவலர் என்று பதிந்தவர்களில் நாலில் மூன்று பங்கு வீட்டிலோ ஃபிளாட்டிலோதான் இருந்தார்கள். மிச்சப் பேருக்கு இடம் ஒதுக்கித் தரும் கடமை கவுன்சில்களுக்கு 1968 சட்டத்தில் இருந்தது. 1994இல் அதையும் எடுத்துவிட்டார்கள். நிற்க இடமும் கொடுக்காமல், ஏன் நிற்கவில்லை என்று கேட்பது நல்ல நியாயம்.

"வந்தேறிகள்" என்று இன்னொருவர். எழுதியது யார் என்று பார்த்தபோது சிரிப்பு வந்தது. ஜிப்சி என்று சொல்லப்படும் ரோமானி மக்களின் மூதாதையர் வட இந்தியாவில் இருந்து புறப்பட்டவர்கள். 1530இலேயே எட்டாம் ஹென்றியின் காலத்தில் அவர்களை நாட்டைவிட்டு வெளியேறச் சொல்லி இங்கே சட்டம் போட்டாயிற்று. ஐரிஷ் ட்ரவலர்கள் வேறு வழி வந்தவர்கள், அவர்கள் அயர்லாந்துக்காரர். சரி, எங்களுக்கு எல்லாம் ஒரே கரவான்தானே. தமிழர் நாங்கள் இங்கே வந்து முப்பது நாற்பது வருடம்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று என் மகனே கேட்டான். அவனால்தான். 1998, அவனுக்கு எட்டு மாதம், நெருப்பாகக் காய்ச்சல். வேறொரு குடும்பத்தின் வீட்டில் ஓர் அறையில் இருந்தோம், பில் எல்லாம் அவர்கள் பெயரில். கையில் குடிவரவைப் பார்க்கும் ஹோம் ஆபீஸின் கடிதம் மட்டும். சேர்ஜரியில் இருந்த பெண் திரும்பத் திரும்ப "யூட்டிலிட்டி பில்" என்றாள், அதாவது கரண்ட், தண்ணி பில். யூட்டிலிட்டி என்ற சொல்லை அன்றுதான் முதலில் கேட்கிறேன். ஏதோ தடுப்பூசி என்று நினைத்து, ஓம் ஓம், பிள்ளைக்குப் போட்டாச்சு என்று தலையாட்டினேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அன்று இரவு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவான ஏ அண்ட் ஈயில் ஆறு மணி நேரம் இருந்தோம். காதில் சீழ். குழுவில் சிரிப்புப் பொம்மை போட்டவர்களுக்கு இந்தக் கதை தெரியும், நானே சொல்லியிருக்கிறேன்.

"அவர்கள் அழுக்கு" என்று சொன்னவருக்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் சொல்கிறேன். ஒருமுறை, வீடுகளுக்குப் போய்ப் பிள்ளைகளைப் பார்க்கும் தாதியான ஹெல்த் விசிட்டரோடு, கரவான்கள் நிற்கும் ஒரு சைட்டுக்குப் போனேன். கோப்பை கழுவ ஒரு பேசின், துணிக்கு வேறு, கை கழுவ வேறு. மாறிப் போட்டால் வீட்டுக்கார அம்மா அந்தப் பேசினையே எறிந்துவிடுவாராம். ஒரே சிங்க்கில் எல்லாம் கழுவுகிற நாங்கள்தான் அவர் கண்ணுக்கு அழுக்கு. எங்கள் ஊரில் குறவர் பெண்கள் தண்ணீர் கேட்டால் என் அம்மம்மா சிரட்டையில் ஊற்றுவார். அதையும் சுத்தம் என்றுதான் சொன்னோம்.

கரவான்காரர் பார்க்கில் குப்பை போட்டுவிட்டுப் போனார்கள் என்றும் சொன்னீர்கள், உண்மைதான். அதற்கும் ஒரு குழந்தை டாக்டரைப் பார்ப்பதற்கும் என்ன தொடர்பு?

இப்படித் திருப்பி அனுப்பி அனுப்பி என்ன ஆகும் தெரியுமா? அயர்லாந்தில் 2010இல் வந்த பெரிய ஆய்வில் ட்ரவலர் ஆண்களின் சராசரி ஆயுள் 61.7 வருடம். மற்ற ஆண்களைவிடப் பதினைந்து வருடம் குறைவு. இங்கே அப்படிக் கணக்குப் பார்க்கவும் வழியில்லை. என்.எச்.எஸ். பாவிக்கும் இனப் பட்டியல் 2001 கணக்கெடுப்பில் இருந்து எடுத்தது, அதில் ஜிப்சி, ரோமா, ட்ரவலர் என்று பெட்டியே இல்லை. நானே எத்தனை பேரை "வேறு வெள்ளையர்" என்று தட்டியிருக்கிறேன்.

"நீங்கள் பெரிய புனிதவதியோ?" என்று கேட்பீர்கள். இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், தொப்பி போட்ட ஒரு கிழவர். படிவத்தைக் கொடுத்தேன். கண்ணாடியை மறந்துவிட்டேன் என்றார். அடுத்த முறை கண்ணாடியோடு வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். வரிசை நீளம், போன் அடிக்கிறது, எனக்கும் காரணம் இருந்தது. கண்ணாடி அவர் சட்டைப் பையில் இருந்ததைக் கண்டும்தான் அனுப்பினேன். அவர் திரும்ப வரவில்லை. வாசிக்கத் தெரியாது என்று அந்த வரிசைக்கு முன்னால் அவர் சொல்லியிருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்த்திருக்கிறேன் போல.

ஆனால் அதை நான் குரல்பதிவு போட்டுக் கொண்டாடவில்லை.

தங்கச்சி, அந்தப் பெண்ணின் போன் நம்பரையாவது வாங்கினீர்களா? அந்தக் குழந்தைக்கு என்ன நோய் என்று உங்கள் பதிவில் எங்கேயும் இல்லை. நாலு நிமிடப் பதிவு. மூன்று தரம் கேட்டுவிட்டேன்.