‘இ’ எண் இருந்தாலே பன்றிக் கொழுப்பா?

“பிஸ்கட் உறையில் ‘இ’ எண் இருந்தால் அது பன்றிக் கொழுப்பு, நோய் வரும், பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்” என்ற செய்தி குடும்பக் குழுக்களில் சுற்றுகிறது. அது தவறு. உணவுச் சேர்பொருள்களுக்கு ஐரோப்பாவில் கொடுத்த அடையாள எண்தான் இது. இ-100 மஞ்சளின் நிறமி. இ-300 வைட்டமின் சி. இ-330 எலுமிச்சையில் இருக்கிற அதே சிட்ரிக் அமிலம். அதைப் புற்றுநோயோடு முடிச்சுப் போட்டதும் பழைய வதந்திதான்.

கவனிக்க வேண்டியது இ-471, அதாவது எண்ணெயும் நீரும் பிரியாமல் கலந்திருக்கச் செய்யும் சேர்பொருள். தாவர எண்ணெயிலிருந்தும் அதை எடுப்பார்கள், விலங்குக் கொழுப்பிலிருந்தும் எடுப்பார்கள். ‘இ’ எண் ஒன்றை மட்டும் வைத்து ஹலாலா ஹராமா என்று சொல்லவே முடியாது. ஹலால் முத்திரையைப் பாருங்கள். இல்லையென்றால் தயாரிப்பாளரிடம் கேளுங்கள்.

நோய்தான் பயமென்றால், உம்மாமார்களே, அதே உறையில் சர்க்கரை எத்தனை கிராம் என்றும் படியுங்கள். எனக்கு அந்த வரிதான் கவலை.