டப்பாவின் அடியில் உள்ள எண் ‘எத்தனை முறை’ என்பதைச் சொல்வதில்லை

“பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் ஐந்து முறைதான் பிள்ளைக்குச் சாப்பாடு கட்டலாம், அப்புறம் விஷம்” என்றொரு தகவல் சுற்றி வருகிறது. இது தவறு.

அந்த எண் குறிப்பது பிளாஸ்டிக்கின் வகையை. மறுசுழற்சிக்குத் தரம் பிரிப்பதற்காக 1988-ல் அமெரிக்காவில் தொடங்கிய முறை அது. 1 என்றால் பெட் (PET) என்ற பிளாஸ்டிக், 5 பாலிபுரொப்பிலீன், 6 பாலிஸ்டைரீன். 7 மற்றவை எல்லாம், பாலிகார்பனேட் உட்பட. பள்ளி டப்பாவுக்கு 5 நல்ல தேர்வு, கொதிநீர்ச் சூட்டிலும் உருகாது. 1-ம் எண் சாதாரண பாட்டிலோ சுமார் 70 டிகிரியிலேயே நெளியத் தொடங்கும். சூடானதை அதில் ஊற்றவே வேண்டாம். எண்ணோடு, கோப்பையும் முள்கரண்டியும் சேர்ந்த சின்னம் இருக்கிறதா என்றும் பாருங்கள். உணவு வைக்கத் தக்கது என்பதற்கு அதுதான் அடையாளம்.

எப்போது மாற்றுவது? உள்ளே ஆழமான கீறல், விரிசல், எத்தனை கழுவினாலும் போகாத பிசுக்கு தெரிந்தால். பெரும்பாலும் முதலில் கெடுவது மூடியின் சிலிகான் வளையம்தான். அதைக் கரண்டிக் காம்பால் மெல்ல நெம்பிக் கழற்றுங்கள். கத்தி வேண்டாம், வெட்டுப்பட்டால் ஒழுகும். வளையத்துக்கு அடியில் உள்ள பள்ளத்தில் ஈரம் தங்கித்தான் கரும்பூஞ்சை பிடிக்கிறது. தேய்த்துக் கழுவி, முழுக்க உலர்ந்த பிறகே திரும்ப மாட்டுங்கள்.