பாட்டு வராதது துப்பு அல்ல
'சூப்பர்நேச்சுரல்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் ஒவ்வொரு அத்தியாயமும் 'கேரி ஆன் வேவார்ட் சன்' பாட்டோடு தொடங்கும், பாட்டு இல்லாவிட்டால் அந்த அத்தியாயமே கனவு என்று மேலே சொல்லியிருக்கிறீர்கள். யோசனை சுவாரசியம்தான், ஆனால் அடிப்படைத் தகவல் சரியில்லை நண்பரே. கான்சஸ் ராக் இசைக்குழுவின் அந்த 1976 பாட்டு தொடரின் முகப்புப் பாடலே இல்லை. முதல் சீசனில் 21-ஆம் அத்தியாயத்தின் முன்கதைச் சுருக்கத்தில் வந்தது. 2-ஆம் சீசனிலிருந்து பெரும்பாலும் சீசனின் கடைசி அத்தியாயத்தில்தான். மற்றபடி சில நொடித் தலைப்பு அட்டை மட்டுமே: 4-ஆம் சீசனில் கருஞ்சிறகு, 6-ஆம் சீசனில் நொறுங்கும் கண்ணாடி, 7-ஆம் சீசனில் கறுப்புக் குழம்பு.

சரிபார்க்க 2-ஆம் சீசனின் 1, 22 இரண்டு அத்தியாயங்களின் தொடக்கத்தையும் அடுத்தடுத்து போட்டுப் பாருங்கள். முன்கதைச் சுருக்கத்தைத் தாண்டவைக்கும் 'ஸ்கிப் ரீகேப்' பொத்தானை மட்டும் அழுத்திவிடாதீர்கள். பாட்டு ஓடுவது அந்தச் சுருக்கத்தில்தான்.