தேயிலைக்கு முன் கோப்பி இருந்தது

இலங்கை மலையகத் தமிழரின் மூதாதையர் தமிழகத்திலிருந்து 1867-க்குப் பிறகு தேயிலை பறிப்பதற்காகவே குடும்பம் குடும்பமாக வந்து, விரும்பித் தங்கிவிட்டார்கள் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இது சரியல்ல. 1867 என்பது ஸ்கொட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெய்லர் கண்டிக்கு அருகே லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஆண்டு. நம்மவர்களின் வருகையோ, 1820-களில் கம்பளைப் பக்கம் ஆங்கிலேயர் கோப்பித் தோட்டங்களைத் திறந்த காலத்திலிருந்தே தொடங்குகிறது.

கோப்பிப் பழம் பறிப்பு ஆண்டில் சில மாதங்களுக்கே நீடிக்கும் என்பதால், அன்று வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்து வந்து, பறிப்பு முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். அந்தப் பாதையில் காலராவுக்கும் பட்டினிக்கும் பலியானவர்கள் ஏராளம். அவர்களை வரலாற்றிலிருந்து விட்டுவிடுவது பெரும் அநீதி.

1869-இல் தென்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை அழித்த பின்னரே தேயிலை பரவியது. கொழுந்து ஆண்டு முழுவதும் சில நாட்களுக்கு ஒருமுறை கிள்ளப்பட வேண்டியதால், பெண்களின் உழைப்பும் நிரந்தரமாகத் தேவைப்பட்டது. லயத்துக் காம்பராக்களில், அதாவது தோட்டத்தின் வரிசை வீட்டு அறைகளில், குடும்பங்கள் பெருகியது இதனால்தான்.

விருப்பம் என்பதையும் கவனமாகவே சொல்ல வேண்டும். பயணச் செலவுக்குக் கங்காணி (ஆள் திரட்டி வந்து வேலை வாங்கியவர்) கொடுத்த முன்பணம் தொழிலாளியின் கடனாக ஏறியது. அந்தக் கடனைக் குறித்த துண்டுச் சீட்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலை கிடைப்பது அரிது. அம்முறை 1921-இல்தான் சட்டப்படி ஒழிக்கப்பட்டது.